பொம்மையின் இடது பக்கம்

அக்கா பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து என் வேலை மேசைமேல் வைத்தாள். வைத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, அவை காலிப் பெட்டிகள் இல்லை.

"திரும்பி வந்துடுச்சு," என்றாள். "மொத்தமும்."

"அட்டைப்பூச்சியுமா?"

"அட்டைப்பூச்சிக்கு என்ன, அது கடைல ராஜா மாதிரி ஓடுது. படுத்துக் கிடக்குறாளுங்களே, அவளுங்கதான் திரும்பி வந்திருக்காளுங்க."

பெரிய ஆஸ்பத்திரியின் பின்புறம், பழைய பிரசவ வார்டு இருந்த கட்டடத்தில் ஒரு மருத்துவ அருங்காட்சியகம் இருக்கிறது. சுற்றிப் பார்த்து முடித்தவர்கள் வெளியே போக ஒரு சின்னக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தக் கடைக்குத்தான் நாங்கள் சாமான் செய்து கொடுக்கிறோம். அந்தக் கால வைத்தியர்கள் ரத்தம் உறிஞ்ச உடம்பில் விட்ட அட்டைப்பூச்சிகள், பழுப்பு வெல்வெட் துணியில் பஞ்சு அடைத்து. கொள்ளைநோய்க் காலத்து டாக்டர்கள் மாட்டிக்கொண்ட மூக்கு நீண்ட முகமூடி, காகிதக்கூழில். கெட்ட ரத்தம் என்று சொல்லி உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குப்பிகளின் அச்சில் மெழுகுவத்திகள். மனிதர்கள் ஒரு காலத்தில் எதற்கெல்லாம் பயந்து அலறினார்களோ, அதையெல்லாம் கைக்கு அடக்கமாக, குழந்தைகள் வாயில் வைத்தாலும் கெடுதல் இல்லாத சாயத்தில் செய்வதுதான் எங்கள் தொழில்.

"இத உடம்புல ஒட்ட வச்சா ஆளுங்க மயக்கம் போட்டு விழுவாங்களாம்," என்று அம்மா முதல் அட்டைப்பூச்சியைத் தைத்து முடித்தபோது சொன்னாள். "இப்ப சாவிக்கொத்துல மாட்டிட்டுத் திரியுறாங்க. நல்லா இருங்கடா."

படுத்திருக்கும் பெண்கள்தான் எங்கள் சரக்கிலேயே கௌரவமானவர்கள். அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் தந்தத்தில் செய்த ஒரு பெண் பொம்மை இருக்கிறது. ஒரு சாண் நீளம். மல்லாந்து படுத்திருக்கிறாள். மேலே ஒரு நூல் துணி கிடையாது. வீட்டுப் பெண்களை வேற்று ஆண் பார்க்கவோ தொடவோ கூடாது என்றிருந்த காலத்தில், நோயாளி தன் வலியை இந்தப் பொம்மையில் தொட்டுக் காட்டுவாளாம். வேலைக்காரி அந்த இடத்தை டாக்டரிடம் போய்க் காட்டுவாளாம். அவர் பொம்மையைப் பார்த்து மருந்து கொடுப்பாராம். அந்த மருந்தில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று பெட்டியில் எழுதி வைக்கவில்லை. நாங்கள் அதையே லேசான மரத்தில் செய்கிறோம். நான் செதுக்குவேன். அம்மா உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேன்மெழுகு பூசித் துணியால் பளபளப்பாக்குவாள். அக்கா முகம் எழுதி, கட்டி, கடைக்குக் கொண்டுபோய்ச் சண்டை போடுவாள்.

அம்மாவுக்கு இந்தப் பொம்மைகள் அம்மணமாக இருப்பது மட்டும் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றையும் முடித்ததும் தையலில் மிஞ்சிய துணித் துண்டு ஒன்றைக் கழுத்துவரை போர்த்தி வைப்பாள். வார்டுப் பழக்கம். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அதே பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளை வண்டியில் வைத்துத் தள்ளியவள் அவள். எனக்கும் அங்கே ராத்திரி டியூட்டி வாங்கிக் கொடுத்தாள். நான் பாதியில் விட்டுவிட்டு வந்தேன். என் தூக்கம் மட்டும் இன்னும் அந்த வேலையை விடவில்லை. பகலில் வருகிறது, இரவில் வருவதில்லை.

அக்கா ஒரு பொம்மையை எடுத்துத் துணியை உருவிவிட்டு என் கையில் திணித்தாள்.

"தடவிப் பாரு. இடுப்புக்கு மேல."

விலா முடிகிற இடத்துக்குக் கீழே, பொம்மையின் இடது பக்கத்தில், கட்டைவிரல் பதிகிற அளவுக்கு ஒரு பள்ளம். வழவழவென்று இருந்தது.

"இன்னொண்ணு எடு."

அதிலும் இருந்தது. அதே இடம். அடுத்ததிலும்.

"கடைக்கார மேடம் என்ன சொல்லுச்சு தெரியுமா? கைவேலைன்னா ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, அதான் அழகு. உங்களோடது எல்லாத்துலயும் ஒரே எடத்துல சொட்டையா இருக்கேன்னு கேக்குது. மிஷின்ல போட்டு எடுத்துட்டு கைவேலைன்னு ஏமாத்துறோமாம். தூங்கிட்டே செதுக்குனியாடா?"

"நான் செதுக்குனதுல பள்ளம் இல்ல."

"அப்ப என்ன, அதுங்களா சொறிஞ்சுக்கிச்சா?"

பொம்மையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். உளிபட்ட இடத்துக்கு விளிம்பு இருக்கும். இதில் விளிம்பு இல்லை. இது தேய்ந்த பள்ளம். தேய்ப்பவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, காது கேட்காதவள் மாதிரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா போன பிறகு அம்மா புதிய பொம்மை ஒன்றை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் செதுக்குவதுபோல் தலையைக் குனிந்துகொண்டு அவள் கையையே பார்த்தேன். பொம்மையை இடது கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்வாள், கைக்குழந்தையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பது மாதிரி. வலது கை மேலும் கீழும் ஒரே சீராகப் போகும். கொஞ்ச நேரம் அப்படித்தான் போனது. பிறகு கை நின்றது. கட்டைவிரல் ஓர் இடத்தில் ஊன்றியது. நகம் வெளுத்தது. மூச்சு விடாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுச் சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான். பிறகு மூச்சை விட்டாள். கை மறுபடி ஓட ஆரம்பித்தது.

"எங்கம்மா வலிக்குது?"

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

"வயசானா நாலு எடத்துல நாலு வலி இருக்கும். உனக்கு இல்லயா? காலைல எந்திரிக்கும்போது உன் முதுகு போடுற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேக்குது."

"என் முதுக விடு. எங்க வலிக்குது, சொல்லு."

"ஒண்ணுமில்லப்பா."

இந்த 'ஒண்ணுமில்ல' எனக்குத் தெரியும். அப்பா செத்த அன்றைக்கு எங்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர வந்தபோதும் இதையேதான் சொன்னாள். இதற்குமேல் வாயைக் கிளறிப் பயன் இல்லை. அவள் கையிலிருந்த பொம்மையைக் காட்டினேன்.

"வாயால சொல்ல வேணாம். இதுல காட்டு."

"என்னைய இந்த வயசுல பொம்மை வச்சு விளையாடச் சொல்றியா?"

"ஆமா."

சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, நான் எழுந்து போகிற மாதிரி இல்லை என்று தெரிந்துகொண்டாள். பொம்மையை முகத்துக்கு நேரே பிடித்து, பள்ளம் விழுந்த அதே இடத்தில் கட்டைவிரலை வைத்தாள்.

"இங்கதான். போதுமா? இப்ப வேலையப் பாக்கலாமா?"

இடது பக்கம் என்று மனதில் குறித்துக்கொண்டேன். வார்டில் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான்: இடது என்றால் நோயாளியின் இடது, பார்க்கிறவனின் இடது இல்லை. அந்த வேலையில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஒரே விஷயம். அதையும் தப்பான இடத்தில் பயன்படுத்தினேன்.

டாக்டரின் கிளினிக் ஒரு செருப்புக் கடைக்கு மேலே. படி செங்குத்து. அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் ஏதோ ஞாபகம் வந்தவள் மாதிரி நின்று நின்று ஏறினாள். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் போன பிறகு கூப்பிட்டார்கள்.

"என்ன தொந்தரவு?" என்று டாக்டர் கேட்டார்.

அம்மா என்னைக் காட்டினாள். "இவனுக்குத்தான் தொந்தரவு. என்னைக் கூட்டிட்டு வந்துட்டான்."

"இடது பக்கம் வலி டாக்டர்," என்றேன். "விலாவுக்குக் கீழ. விட்டு விட்டு வருது. அப்ப மூச்சைப் பிடிச்சுக்கிறாங்க."

அவளைப் படுக்க வைத்து இடது பக்கம் அழுத்தினார். வலிக்கிறதா என்றார். இல்லை என்றாள். இன்னும் ஆழமாக அழுத்தினார். இல்லை. உட்கார வைத்து முதுகின் இடது பக்கம் முஷ்டியால் தட்டினார். இல்லை. அம்மாவின் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நிஜமாகவே அங்கே அவளுக்கு வலிக்கவில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். என்னிடம் வேறு சாட்சி இல்லாததால் பையிலிருந்து பொம்மையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"இதுல இந்த எடத்தைத்தான் காட்டினாங்க."

அவர் பொம்மையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கிற காலத்தில் இதன் படத்தைப் பார்த்திருக்கிறாராம். யார் செய்தது, எங்கே கிடைக்கும் என்று கேட்டார். கடையின் வழியைச் சொன்னேன். பொம்மையின் துணியை அவரே சரிசெய்து போர்த்தி என்னிடம் கொடுத்தார். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது.

"வாயுவா இருக்கும்," என்றார். "மாத்திரை எழுதித் தரேன். மறுபடி வலிச்சா வாங்க, ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்."

படி இறங்கும்போது அம்மா சொன்னாள்: "நல்ல டாக்டர்."

ஃபோனில் விஷயம் கேட்ட அக்கா அதற்குமேல் போனாள். "வாயுவா? அதுக்கா ஒரு நாள் வேலை கெட்டுச்சு? அம்மா இனிமே பொம்மைய தேய்க்க வேணாம். உக்காந்து அட்டைப்பூச்சி தைக்கட்டும். திரும்பி வந்ததெல்லாம் நீயே பள்ளம் தெரியாம தேச்சு எடு. மேடம் காலைலயும் சாயங்காலமும் கேட்டுட்டே இருக்கு."

அம்மா அட்டைப்பூச்சிக்கு மாறினாள். வேலையைப் பிடுங்கிய கோபத்தில் என்னிடம் அதிகம் பேசவில்லை. நானும் அந்த அமைதியை நல்லது என்று எடுத்துக்கொண்டேன். சோர்ந்திருக்கும் மனிதனுக்கு, எதிரில் இருப்பவர் பேசாமல் இருந்தாலே எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி தோன்றும். அட்டைப்பூச்சிக்குள் பஞ்சு அடைப்பதற்குப் பதில் பாதியிலேயே மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். தட்டில் பாதியை மிச்சம் வைத்தாள். வெயில் அடிக்கிற மத்தியானத்தில் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டாள். கேட்டால் ஃபேன் காற்று என்றாள். வாயு மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்த பொம்மைகளை எடுத்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பள்ளத்தை மறைக்க வேண்டுமென்றால் சுற்றியிருக்கும் இடத்தையும் இறக்க வேண்டும். அதைச் செய்தால் இடுப்பு ஒரு பக்கம் சிறுத்துவிடும். அப்புறம் மறுபக்கத்தையும் இறக்க வேண்டும். பெண்கள் எல்லாரும் என் கையில் மெலிந்துகொண்டே போனார்கள். என் மேசையில் வெளிச்சம் போதவில்லை. அம்மா சமையலறைக்கு எழுந்து போனதும் அவளுடைய முக்காலியில் போய் உட்கார்ந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பள்ளம் சரியாகத் தெரிய வேண்டுமென்று பொம்மையை இடது கையில் நிமிர்த்தி, முகத்துக்கு நேரே பிடித்தேன். வலது கையில் உப்புத்தாள். கட்டைவிரல் தானாகப் போய்ப் பள்ளத்தில் உட்கார்ந்தது.

பொம்மை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் விரல் அதன் இடது பக்கத்தில். எனக்கு அது என் வலது கைப் பக்கம்.

கண்ணாடியில் பார்க்கிற மாதிரி.

சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழாய் திறந்திருந்தது, கீழே பாத்திரம் இல்லை. பக்கத்தில் போய் அவள் இடுப்புக்கு மேலே, வலது பக்கம் கையை வைத்தேன். அழுத்தக்கூட இல்லை. சத்தம் வரவில்லை. ஆனால் தொட்டியிலிருந்து கையை எடுத்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் இருந்த சூடு என்னைப் பயமுறுத்தியது.

"இந்தப் பக்கமா?"

தலையை ஆட்டினாள்.

"பொம்மைல அந்தப் பக்கத்தைக் காட்டினியே."

"என்னைப் பாத்துத்தானே நிக்குது அது. என் வலது கைப் பக்கம் எதுவோ அதத்தான் காட்டினேன். உனக்குப் புரியும்னு நெனச்சேன்."

"சரி, நான்தான் மடையன். டாக்டர் அழுத்தும்போது ஏன் சொல்லல?"

"அவரு அந்தப் பக்கம் வலிக்குதான்னு கேட்டாரு. அந்தப் பக்கம் வலிக்கல. பொய் சொல்லச் சொல்றியா?"

குழாயை மூடினேன். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக, அங்கேயே தரையில் படுத்துத் தூங்கிவிடலாம் போல இருந்தது.

"ஏம்மா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். ஈரமே இல்லாத கையை ரொம்ப நேரம் துடைத்தாள்.

"வலிக்கிற எடத்தைக் காட்டினவங்களத்தான் வண்டில ஏத்துவாங்க," என்றாள். "நான் தள்ளிட்டுப் போவேன். ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல வாங்கிட்டு கதவ சாத்திப்பாங்க. எத்தனை பேர அப்படி விட்டுட்டு வந்தேன். ஒருத்தரும் எனக்கு மறக்கல."

திரும்பி வந்தவர்களையும் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனவள் அவள்தான். அவர்கள்தான் அதிகம். அவர்களை மட்டும் ஏன் மறந்தாய் என்று கேட்கலாம். கேட்டால் அதற்கும் ஒண்ணுமில்ல என்பாள்.

"காய்ச்சல் அடிக்குது உனக்கு," என்றேன். "இப்ப வந்தா நடந்து வரலாம். நாளைக்குன்னா வண்டிலதான். எது வேணும், நீயே சொல்லு."

கொஞ்சம் யோசித்தாள்.

"நடந்தே வரேன். புடவை மாத்திக்கிறேன் இரு."

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தவள் பாதியில் எழுந்துபோய் இன்னொருத்தியைக் கூட்டிவந்தாள். வலது சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் கல் அடைத்துக்கொண்டிருந்தது. பின்னால் எல்லாம் தேங்கி, வீங்கி, சீழ் பிடித்திருந்தது. முதுகில் துளை போட்டுக் குழாய் வைத்துச் சீழை வடித்தார்கள். காய்ச்சல் இறங்கியது. சிறுநீரகம் பிழைக்கவில்லை. ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரம்மா என்னையும் அக்காவையும் உட்கார வைத்துச் சொன்னார். இது ரொம்ப நாள் அடைப்பு, எடுத்துவிடுவதுதான் நல்லது, இன்னொன்று நன்றாக இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம். உயிருக்குப் பயம் இனி இல்லை, ஆனால் ஆபரேஷன் மேஜையில் படுக்க அவங்க சம்மதிக்கணும், கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க, பேசிப் பாருங்க என்றார். "முன்னாடி எங்கயாவது காட்டினீங்களா?"

"காட்டினோம்," என்றேன். "இடது பக்கம்."

டாக்டரம்மா காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அக்கா வராந்தாவில் கேட்டாள்.

"இடதுன்னு ஏன்டா சொன்ன?"

"பொம்மைல இடது."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துகொண்டாள்.

"ஊரே அத ஷோகேஸ்ல வைக்க வாங்கிட்டுப் போகுது. அத வச்சு வைத்தியம் பாத்த ஆளு நீ ஒருத்தன்தான்டா," என்றாள். பிறகு, "எனக்கும் தெரிஞ்சிருக்கணும்," என்றாள். "மேடம் காட்டும்போது அம்மா விரலுன்னு எனக்கு உடனே தெரிஞ்சுது. உன்னத் திட்டுறது சுலபமா இருந்துச்சு."

அம்மாவிடம் நாங்கள் இருவரும் பேசினோம். அக்கா அழுதாள், மிரட்டினாள், கால் பிடித்துவிட்டாள். அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் போர்வையை மாற்றிய ஆயாவுக்கு மட்டும், மூலையை எப்படி மடித்துச் செருக வேண்டும் என்று சொன்னாள். நான் ஒன்றே ஒன்று சொன்னேன்.

"திரும்பி வந்தா கதவு தொறக்கும்போது நான் நிப்பேன். வரலன்னாலும் நிப்பேன். எனக்கு வேற வேலை இல்ல."

"பொம்மை வேலை இருக்கே," என்றாள். பேனாவைக் கேட்டாள்.

மறுநாள் காலையில் நர்ஸ் ஒரு மார்க்கருடன் வந்தாள். சின்னப் பெண், நகத்தில் சாயம் உரிந்திருந்தது. அம்மாவைப் பக்கவாட்டில் திரும்பச் சொன்னாள்.

"எந்தப் பக்கம் ஆபரேஷன்மா?"

"அதுலதான் எழுதியிருக்கே," என்றாள் அக்கா. "வல..."

நர்ஸ் கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். "நீங்க சொல்லக் கூடாதுக்கா. பேஷன்ட்தான் வாயால சொல்லணும். காகிதத்தைப் பாத்து நாங்க கோடு போட மாட்டோம்."

அக்கா வாயை மூடிக்கொண்டாள். நர்ஸ் மார்க்கரின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வராந்தாவில் வண்டி வரும் சத்தம் கேட்டது. ஒரு சக்கரம் எண்ணெய் இல்லாமல் கிறீச்சிட்டது. அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டி வாசலில் வந்து நிற்கும்வரை அவள் பேசவில்லை.

"வலது," என்றாள்.

"தொட்டுக் காட்டுங்கம்மா."

கட்டைவிரலை வைத்தாள். நர்ஸ் அந்த இடத்தில் கறுப்பாக ஓர் அம்புக்குறி போட்டாள். அம்மா தலையைத் திருப்பி என்னைத் தேடினாள்.

"எனக்கு வலது," என்றாள். "பொம்மைக்கு இல்ல."

"புரிஞ்சுது."

வண்டிக்கு மாற்றினார்கள். தள்ள வந்தவர் என் வயதுக்காரர், கண் சிவந்திருந்தது, ராத்திரி டியூட்டி முடிந்தும் வீட்டுக்கு விடாமல் இதற்கும் அனுப்பியிருப்பார்கள். அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"முன்சக்கரம் இழுக்குது பாருப்பா," என்று அவரிடம் சொன்னாள். "திருப்பத்துல கொஞ்சம் தூக்கினாப்பல தள்ளு."

அவர் தூக்கினாற்போலத் தள்ளினார். திருப்பத்தில் வண்டி இடிக்காமல் போனது. கதவு மூடியது.

அக்கா பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, கேட்க வேறு ஒன்றும் இல்லாததால் கேட்டாள்:

"பள்ளமெல்லாம் தேச்சுட்டியா?"

"பாதிதான் ஆச்சு."

"மிச்சம்?"

"வீட்டுக்குப் போய்த் தேய்க்கணும்."

தலையைச் சுவரில் சாய்த்தேன். வழக்கம்போலப் பகல் ஆனதும் தூக்கம் வந்தது. கதவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமென்று எழுந்து நின்றுகொண்டேன்.